சீருடை அணியாமல் நீதிமன்றம் போன தாதி

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், பிரசாரம் பற்றிய ஒரு விரிவுரையில்தான் எடித் கவெல் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். திரையில் ஒரு பழைய தபாலட்டையைக் காட்டினார்கள். ஓர் இளம்பெண் நிலத்தில் விழுந்து கிடக்கிறாள். உடையில் செஞ்சிலுவை. தலைமாட்டில் கைத்துப்பாக்கியுடன் ஒரு ஜேர்மன் அதிகாரி. முதலாம் உலகப் போரில் பிரித்தானியா ஒரு சாவை ஆட்சேர்ப்புக்கு எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு அது உதாரணம். பரீட்சையில் அதைப் பற்றி எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. அந்தப் பெண் யார், உண்மையில் என்ன செய்தார் என்று தேடிப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சென்ற வருடம் மாமி வீட்டில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. மாமி ஓய்வுபெற்ற தாதி. யுத்த காலம் முழுவதும் வன்னியில் வேலை செய்தவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை தாதியர் கல்லூரியில் படிக்கிறாள். பின்னேரங்களில் கொப்பியோடு மாமியிடம் வருவாள். நோயாளியை எப்படி அவதானிப்பது, அவரோடு எப்படிக் கதைப்பது, அவருடைய இரகசியத்தை எப்படிக் காப்பது, ஆள் பார்த்துப் பராமரிப்பில் வித்தியாசம் காட்டக்கூடாது என்றெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, கட்டிலில் கிடப்பவன் யார் என்று ஒருவன் துவக்கோடு வாசலில் வந்து நின்று கேட்டால் என்ன சொல்வது என்று உங்கட புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளை சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை.

அன்றிரவுதான் அந்தத் தபாலட்டை நினைவுக்கு வந்தது. தேடத் தொடங்கினேன். முதலில் தெரிந்தது, அந்த அட்டையில் இருந்த கிட்டத்தட்ட எல்லாமே பிழை என்பது. சுடப்பட்டபோது எடித் கவெலுக்கு வயது 49. அவர் தாதிச் சீருடையில் இருக்கவில்லை, மயங்கி விழவும் இல்லை.

அவர் 1865 டிசம்பர் 4ஆம் திகதி, இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில் ஸ்வார்டெஸ்டன் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். தகப்பன் அவ்வூர் தேவாலயத்தின் குரு. நான்கு பிள்ளைகளில் எடித் மூத்தவர். குருவின் வீட்டில் கௌரவம் இருந்த அளவுக்குப் பணம் இருக்கவில்லை. பிரெஞ்சு மொழி நன்றாக வந்ததால் பிரசல்ஸ் நகரில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். ஐந்து வருடங்கள் அங்கே இருந்தார். 1895இல் தகப்பனுக்குச் சுகவீனம் என்று ஊர் திரும்பி அவரைப் பராமரித்தார். அதன் பிறகுதான் தாதித் தொழிலுக்குப் போகும் முடிவை எடுத்தார். அப்போது வயது முப்பது. அந்தத் தொழிலைத் தொடங்குவதற்குச் சற்றுப் பிந்திய வயது.

1896இல் லண்டன் வைத்தியசாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே மேற்றனாக இருந்த ஏவா லூக்கஸ் கண்டிப்புக்குப் பேர்போனவர், பயிற்சித் தாதியர் ஒவ்வொருவரையும் பற்றிப் பதிவேட்டில் தன் கருத்தை எழுதி வைப்பவர். எடித் கவெலைப் பற்றி அவர் எழுதியது நல்லதாக இல்லை. திறமை இருக்கிறது, ஆனால் முழு மனதோடு வேலை செய்வதில்லை, நேரத்துக்கு வருவதே இல்லை, முழுதாக நம்பி வேலை ஒப்படைக்க முடியாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பின்னாளில் உலகமே சிலை வைத்த ஒருவரைப் பற்றி அவருடைய முதல் மதிப்பீடு இது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

1897இல் மெயிட்ஸ்டன் நகரில் குடிநீர் மாசடைந்து நெருப்புக்காய்ச்சல் பரவியது. 1800க்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள், 132 பேர் இறந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட தாதியரில் எடித்தும் ஒருவர். அந்தக் காலத்தில் நெருப்புக்காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. தாதியின் கவனம்தான் மருந்து. காய்ச்சல் எத்தனை, நாடி எப்படி, வயிறு வீங்குகிறதா, மலத்தில் இரத்தம் தெரிகிறதா, நோயாளி தடுமாறிக் கதைக்கிறாரா என்று மணிக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்து, சிறு மாற்றத்தையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீராகாரம் கொடுக்க வேண்டும், உடம்பைத் துடைத்துத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் நோயாளி மதிப்பீடு என்ற தலைப்பின் கீழ் இருந்தது இதே வேலைதான்.

அதன் பிறகு ஏழைகளுக்கான வைத்தியசாலைகளில் வேலை. சென் பன்கிராஸில் இரவு மேற்பார்வையாளர், ஷோர்டிச்சில் உதவி மேற்றன். ஷோர்டிச்சில் அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. வைத்தியசாலையை விட்டுப் போன நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். துண்டு வெட்டி அனுப்பியதோடு பொறுப்பு முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. இந்தப் பழக்கம்தான் பின்னர் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1907இல் பெல்ஜியத்தின் அறுவைச் சிகிச்சை நிபுணர் அந்துவான் டெபாஜ் அவரைப் பிரசல்ஸுக்கு அழைத்தார். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கன்னியாஸ்திரிகள். அர்ப்பணிப்பு இருந்தது, ஆனால் நவீன அறுவைச் சிகிச்சைக்குத் தேவையான பயிற்சி இருக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் சம்பளத்துக்கு வேலை செய்வது அவமானம் என்ற எண்ணமும் நாட்டில் பலமாக இருந்தது. நான்கு வீடுகளை ஒன்றாக்கி, அந்த வருடம் ஒக்டோபர் முதலாம் திகதி பெல்ஜியத்தின் முதலாவது நவீன தாதியர் பயிற்சிப் பாடசாலை திறக்கப்பட்டது. எடித் கவெல் அதன் மேற்றன். தொடக்கத்தில் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில வருடங்களில் 3 வைத்தியசாலைகளுக்கும் 24 பாடசாலைகளுக்கும் 13 பாலர் பாடசாலைகளுக்கும் அங்கிருந்து தாதியர் போனார்கள். பெல்ஜிய மகாராணி எலிசபெத்துக்குக் கை முறிந்தபோது அந்தப் பாடசாலையில் பயின்ற தாதிதான் வேண்டும் என்று கேட்டாராம். அதன் பிறகு அவமானம் என்ற பேச்சு குறைந்தது.

நேரத்துக்கு வராதவர் என்று எழுதப்பட்டவர், மேற்றன் ஆனதும் காலைச் சாப்பாட்டு மேசையில் தன் முன்னால் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். இரண்டு நிமிடம் பிந்தினால் இரண்டு மணித்தியாலம் மேலதிக வேலை. பிள்ளைகள் பயந்தார்கள். ஆனால் வேலை முடிந்த மாலைகளில் அவர்களோடு உட்கார்ந்து கதைப்பதும் அவர்தான். மார்பின் பழக்கத்துக்கு அடிமையான ஓர் இளம்பெண்ணைத் தன்னோடு வைத்துப் பல வருடம் பராமரித்தார். அவளைத் திட்டியோ விரட்டியோ விடவில்லை. அவள் மறுபடி மறுபடி விழுந்தாள், இவர் மறுபடி மறுபடி பக்கத்தில் இருந்தார். வெளிப்பார்வைக்கு இறுக்கமான மனுஷி. இப்படிப்பட்ட மேற்றன்மார் எங்கள் வைத்தியசாலைகளிலும் இருந்திருக்கிறார்கள், பலருக்குத் தெரியும்.

1914 கோடையில் விடுமுறைக்குத் தாயிடம் போயிருந்தார். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது போர் மூளும் செய்தி வந்தது. இங்கிலாந்திலேயே நின்றுவிடலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி பிரசல்ஸ் திரும்பிவிட்டார். மறுநாள் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. ஓகஸ்ட் 20இல் பிரசல்ஸ் விழுந்தது. பாடசாலை செஞ்சிலுவை வைத்தியசாலையானது. அங்கே பயின்ற ஜேர்மன் தாதியர் சொந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு அவர் சொன்ன முதல் விடயம், காயக்காரன் எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் ஒரே பராமரிப்பு என்பது. ஜேர்மன் காயக்காரர்களும் அங்கே மருந்து கட்டிக்கொண்டார்கள். இதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

தடுமாற்றத்துக்குரிய விடயம் நவம்பர் முதலாம் திகதி இரவு வந்தது. மோன்ஸ் நகரச் சண்டையில் தங்கள் படையிலிருந்து அறுபட்டுப்போன பிரித்தானியப் படையினர் காடுகளிலும் பண்ணைகளிலும் ஒளிந்திருந்தார்கள். அவர்களில் இருவரை, கேணல் ஒருவரும் சார்ஜன்ட் ஒருவரும், ஏமன் கபியோ என்ற பெல்ஜியப் பொறியியலாளர் சாதாரண உடையில் அழைத்துவந்தார். கேணலின் காலில் காயம். எடித் கவெல் கதவைத் திறந்தார்.

காயத்துக்கு மருந்து போட்டது வரைக்கும் கேள்வியே இல்லை. அது தாதியின் கடமை, சர்வதேச சட்டமும் அதைத்தான் சொன்னது. ஆனால் காயம் ஆறிய பிறகு? ஆக்கிரமிப்பு நிர்வாகம் எதிரிப் படையினருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்குக் கடும் தண்டனை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. அது வெறும் மிரட்டல் இல்லை. 1915 பெப்ரவரியில் வட பிரான்சின் கீஸ் நகரில், மாதக்கணக்காக ஒளிந்திருந்து பிடிபட்ட 11 பிரித்தானியப் படையினரும் அவர்களை ஒளித்து வைத்த ஊரவர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காயம் ஆறியது என்று துண்டு வெட்டி வெளியே அனுப்பினால், அந்த மனிதனின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே நடுநிலை நாடான ஒல்லாந்துக்கு அனுப்பினார். முதலில் வந்த இருவரில் கேணல் வழியில் பிடிபட்டார், சார்ஜன்ட் தப்பினார். பிறகு அது ஒரு வலையமைப்பாகவே மாறியது. பெலினீஸ் என்ற ஊரில் க்ரொய் குடும்பத்து இளவரசர் ரெஜினால்டும் அவர் சகோதரி மரியும் தங்கள் மாளிகையில் படையினரை வைத்துப் பொய்ப் பத்திரங்கள் செய்து கொடுத்தார்கள். ஆசிரியை லூயிஸ் துலியே ஆட்களைக் கூட்டிவந்தார். கட்டிடக்கலைஞர் பிலிப் போக் வழிகாட்டிகளை ஒழுங்கு செய்தார். இடையில் தங்குமிடம் எடித் கவெலின் வைத்தியசாலை. ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 200 பேர் அவர் கையால் போனார்கள். எல்லோரும் காயக்காரர் இல்லை. நல்ல தேகசுகத்தோடு வந்தவர்களும் நோயாளிகளோடு நோயாளிகளாக இருந்தார்கள். சிலர் இரவில் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்து அவரைத் தவிக்கவைத்ததும் உண்டு.

தன் தாதியரிடம் அவர் இதைப் பேசவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதை மறைக்க முடியாது, ஆனால் யார், எங்கிருந்து, எங்கே போகிறார் என்ற விபரத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார். தெரியாத ஒன்றுக்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. தன் நாட்குறிப்பைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருந்தார்.

இந்த இடத்தில் என் மாமி என்னை நிறுத்தினார். படித்ததை ஒவ்வோர் இரவும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். செஞ்சிலுவை போட்ட கூரையின் கீழ் இதைச் செய்தது சரியா என்று கேட்டார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. எடித் கவெலைப் புகழ்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் மாமி செஞ்சிலுவைச் சின்னத்தை நம்பி வேலை செய்தவர். 2009இல் வன்னி வைத்தியசாலைகளின் இருப்பிடங்கள் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஊடாகத் தெரியப்படுத்தப்பட்டிருந்தும் பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் விழுந்தன. அந்தச் சின்னத்தை எதிர்த்தரப்பு நம்பாமல் போவதற்கு உள்ளே இருப்பவர்கள் ஒரு சாட்டும் கொடுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. சாட்டு இல்லாவிட்டாலும் அடிப்பார்கள்தானே மாமி என்றேன். அது வேற கதை என்றார்.

சட்டமும் மாமியின் பக்கம்தான் சாய்கிறது. அன்று நடைமுறையில் இருந்த 1906ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை மருத்துவப் பிரிவுகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. எதிரிக்குத் தீங்கான செயல்களுக்கு அவை பயன்படுத்தப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகும் என்றும் சொன்னது. தப்பிப் போன படையினன் மறுபடி துவக்குத் தூக்குவான். ஜேர்மன் தரப்பு இதைத்தான் குற்றம் என்றது. எடித் கவெல் மீது உளவுக் குற்றம் சாட்டப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எதிரிக்குப் படையினரைச் சேர்ப்பித்தார் என்பதே குற்றச்சாட்டு. அவருடைய வலையமைப்பில் சிலர் படைத் தகவல்களைத் துணியில் எழுதி உடுப்பில் தைத்தும் சப்பாத்தில் மறைத்தும் அனுப்பினார்கள் என்பதற்கு பெல்ஜிய ஆவணங்களில் சான்று இருப்பதாக, பிரித்தானிய உள்நாட்டு உளவுப் பிரிவின் முன்னாள் தலைவி ஸ்டெல்லா ரிமிங்டன் 2015இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் சொன்னார். அவர் கதையைச் சொல்பவர்கள் இதைத் தவிர்க்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

என்றாலும் நான் மாமியோடு முழுதாக உடன்படவில்லை. கீஸ் நகரத்து 11 பேரும் என் மனதில் நின்றார்கள். சட்டத்தின்படி அவர்களைப் போர்க்கைதியாக வைத்திருக்க வேண்டியவர்களே அவர்களைச் சுட்டார்கள். எதிர்த்தரப்பு சட்டத்தை மதிக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், சட்டத்தை மட்டும் பார்த்து வேலை செய்யும் தாதிக்குக் கை கட்டப்பட்டுவிடுகிறது. எடித் கவெல் தான் சட்டத்தை மீறுவதை அறிந்தே மீறினார். பிடிபட்டபோது அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அவர் மீது மரியாதை வருவது இந்த இரண்டாவது விடயத்தால்தான்.

1915 யூலை 31ஆம் திகதி பிலிப் போக்கும் லூயிஸ் துலியேயும் பிடிபட்டார்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதி எடித் கவெல் கைதானார். வலையமைப்பு ஊடாகப் போன கஸ்தோன் கியன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் காட்டிக்கொடுத்தவர் என்று போருக்குப் பிறகு பிரெஞ்சு இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்து, பின்னர் அதைச் சிறைத்தண்டனையாகக் குறைத்தது. சென் ஜில் சிறையில் எடித் பத்து வாரங்கள் இருந்தார். விசாரணையில் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னார். மற்றவர்கள் ஏற்கனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்று விசாரணையாளர்கள் ஏமாற்றியதாகவும் சொல்கிறார்கள். வாக்குமூலங்களில் ஒரு வரி அவர் தலைவிதியை முடித்தது. போனவர்களில் சிலர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து தனக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஒல்லாந்து எல்லை வரை அனுப்பியது முயற்சி மட்டும். இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தார்கள் என்றால் குற்றம் பூர்த்தியாகிவிடுகிறது. நன்றிதான் சான்றானது.

இதைச் சொன்னபோது மாமி கன நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்ததாம். காலைக் காப்பாற்றித் தந்தீர்களே அக்கா, என்னைத் தெரியுதா என்று ஒரு ஆண் குரல் கேட்டதாம். மாமிக்குக் குரல் தெரிந்துவிட்டது. பிழையான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார். அவன் மறுபடி எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது தெரியாது. இதை எழுதலாமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார்.

ஒக்டோபர் 7, 8ஆம் திகதிகளில் இராணுவ நீதிமன்றத்தில் 35 பேர் நிறுத்தப்பட்டார்கள். எடித் கவெலுக்காக வாதாடிய சட்டத்தரணி சாடி கிர்ஷனை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். விசாரணை ஜேர்மன் மொழியில் நடந்தது, பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தார்கள். அவர் தாதிச் சீருடையில் வரவில்லை. நீல நிறச் சாதாரண உடுப்பும் தொப்பியும் அணிந்து வந்தார். சீருடையில் வந்திருந்தால் நீதிபதிகளின் மனம் இளகியிருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பாடசாலையை இந்த விவகாரத்தில் இழுக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். நான் அதை மாமியின் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கிறேன். செய்தது தாதி என்ற பேரில் செய்ததல்ல, எடித் கவெல் என்ற தனி மனுஷி செய்தது என்று அந்த உடுப்பு சொல்வதாக எனக்குப் படுகிறது. இது என் ஊகம் மட்டுமே. எத்தனை பேரை அனுப்பினீர்கள் என்று கேட்டபோது சுமார் 200 பேர் என்று தானே கணக்குச் சொன்னார்.

11ஆம் திகதி பின்னேரம் ஐந்து பேருக்கு மரணதண்டனை வாசிக்கப்பட்டது. மறுநாள் விடியற்காலையே நிறைவேற்ற உத்தரவு. அமெரிக்காவும் ஸ்பெயினும் அப்போது நடுநிலை நாடுகள். அமெரிக்கத் தூதர் பிராண்ட் விட்லொக் சுகவீனமாகப் படுக்கையில் இருந்து கருணை மனு எழுதினார். அவருடைய செயலாளர் ஹியூ கிப்சனும் ஸ்பெயின் தூதரும் இரவோடு இரவாக ஓடினார்கள். ஜேர்மன் அரசியல் பிரிவின் தலைவரை நாடகக் கொட்டகையிலிருந்து அழைப்பித்தார்கள். இராணுவ ஆளுநர் சௌபெர்ஸ்வைக் மறுத்துவிட்டார். தீர்ப்புக்கும் தோட்டாவுக்கும் இடையில் ஒரு இரவுதான்.

அந்த இரவில் ஆங்கிலத் திருச்சபையின் குரு ஸ்டேர்லிங் கஹன் அவரைச் சிறையில் சந்தித்தார். நாட்டுப்பற்று மட்டும் போதாது என்று தனக்கு விளங்கிவிட்டதாகவும், எவர் மீதும் வெறுப்போ கசப்போ இல்லாமல் போக வேண்டும் என்றும் அவரிடம் சொன்னார். தன் தாதியருக்கு முதல் நாளே ஒரு கடிதம் எழுதியிருந்தார். கண்டிப்பாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அவர்கள் அறிந்ததை விட அதிகமாக அவர்களை நேசித்ததாகச் சொன்ன கடிதம் அது.

12ஆம் திகதி காலை ஏழு மணியளவில், பிரசல்ஸின் தீர் நாசியொனால் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் எடித் கவெலும் பிலிப் போக்கும் சுடப்பட்டார்கள். மரணத்தை உறுதிசெய்ய நின்ற இராணுவ வைத்தியர்களில் ஒருவர் கொட்ஃபிரீட் பென், பின்னாளில் பெயர்பெற்ற ஜேர்மன் கவிஞர். கூடவே நின்ற ஜேர்மன் குரு லு சோர், அவர் மயங்கவில்லை, நேராக நின்றார் என்று பதிவு செய்திருக்கிறார். மற்ற மூவரின் தண்டனை குறைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்தது என் விரிவுரைப் பாடம். மயங்கி விழுந்தார், அதிகாரி கைத்துப்பாக்கியால் சுட்டார், சுட மறுத்த சிப்பாயையும் சுட்டார்கள் என்று கதைகள் பரவின. தபாலட்டைகளும் சுவரொட்டிகளும் வந்தன. பிரித்தானிய ஆட்சேர்ப்பு கூடியது. அதே 1915இல் ஜேர்மனிக்கு உளவு பார்த்ததாக இரண்டு பெண்களைப் பிரெஞ்சு இராணுவம் சுட்டிருந்தது, அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. வெறுப்பில்லாமல் போக வேண்டும் என்றவரின் படத்தை வைத்தே வெறுப்பை வளர்த்தார்கள். இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. நம்மவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த டிசம்பரில் பாரிஸில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் பாடகி எடித் பியாஃப்.

சட்டத்திலும் ஏதோ மாறியது. பெண்களின் மரணதண்டனையைத் தன் அனுமதியில்லாமல் நிறைவேற்றக்கூடாது என்று கைசர் உத்தரவிட்டார். 1949இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசத்தில் மரணதண்டனையை உளவு, பாரிய நாசவேலை, உயிரைப் பறித்த குற்றம் ஆகியவற்றுக்குள் கட்டுப்படுத்தியது. தீர்ப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் பொதுவாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்றது. அன்று இது இருந்திருந்தால் எடித் கவெலை அந்தக் குற்றச்சாட்டில் சுட முடியாது. காயக்காரரைப் பராமரித்ததற்காக எவரையும் தண்டிக்கக்கூடாது என்று முதலாவது உடன்படிக்கையில் எழுதப்பட்டது. உள்நாட்டுப் போர்களிலும் மருத்துவ ஒழுக்கநெறிப்படி செய்த வேலைக்காக, யாருக்குச் செய்தார் என்று பார்த்துத் தண்டிக்கக்கூடாது என்று 1977இன் இரண்டாவது மேலதிக நெறிமுறை விரித்துச் சொன்னது. 1949இன் உடன்படிக்கைகளில் இணைந்த இலங்கை, இந்த நெறிமுறையில் இணைந்த நாடுகளில் ஒன்றல்ல. 2009 மே மாதம் வன்னியிலிருந்து வெளியே வந்த அரச வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டு விதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

1919 மே மாதம் எடித் கவெலின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அரச மரியாதையோடு வழிபாடு நடந்தது. அதன் பிறகு சொந்தப் பகுதியான நோர்ஃபோக்கின் நோர்விச் நகரில், பேராலயத்தின் வெளிப்புறத்தில் அடக்கம் செய்தார்கள். மறுவருடம் லண்டன் நகரின் நடுவில், ட்ரபல்கார் சதுக்கத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் சிலை எழுந்தது. அதில் அவர் சீருடையில்தான் நிற்கிறார். மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் என்று மேலே பொறித்தார்கள். நாட்டுப்பற்று போதாது என்று கடைசி இரவில் அவர் சொன்னதைப் பொறிக்கவில்லை. பெண்கள் அமைப்பொன்று வற்புறுத்திய பிறகு, 1924இல்தான் அந்த வரிகள் அடிப்பீடத்தில் சேர்க்கப்பட்டன. மேலே இருந்தது அப்படியே இருக்கிறது.